அண்ணன் அனுப்பிய தட்டு

சுவா
ஜூலை 19

பசேபா,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். எழுதமாட்டேன். இங்கே யாரும் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

விமானம் நம் தலைநகர் ஃபுனாஃபூட்டியில் இறங்கி, உன் கழுத்தில் போட்ட பூமாலை வாடுவதற்குள் வானொலிக்காரன் மைக்கை நீட்டினானாம். பளு தூக்கப் போன பெண் மேடை ஏறாமலே ஏன் திரும்பி வந்தாள் என்று கேட்டானாம். நீ யோசிக்கக்கூட இல்லையாம். "எங்க ஜனங்களே எனக்கு விருந்து வெச்சுத் தோக்கடிச்சுட்டாங்க" என்றாயாம். நம் நாட்டின் எட்டுத் தீவும் அன்று சாயங்காலச் செய்தியில் அதைக் கேட்டது. மறுநாள் காலை தொலைபேசி வழியாக சுவாவும் கேட்டது.

யார் அந்த ஜனங்கள்? இந்த வேற்று நாட்டுக்குப் பிழைக்க வந்து, சேற்று நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருக்கிற நம் ஆட்கள்தானே. உனக்காகக் கப்பல் பட்டறையில் ஆண்கள் லீவு போட்டார்கள். தீவிலிருந்து ஈர இலையில் சுற்றி வந்த புலாகா கிழங்கைக் கிறிஸ்துமஸுக்கென்று வைத்திருந்தார்கள், அதை எடுத்து உனக்குச் சமைத்தார்கள். இரண்டு பன்றி அடித்தார்கள். டீக்கன் மனைவி மக்கலிட்டா இடுப்பு வலியோடு நாள் முழுக்க அடுப்பை விட்டு நகரவில்லை. போன ஞாயிறு ஆலயத்தில் உன் அண்ணி லோசலீன் போய் உட்கார்ந்ததும் அதே மக்கலிட்டா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். அவள் பின்னால் மற்றப் பெண்களும் போனார்கள். என் மனைவி ஆராதனை முடியும் வரை தனி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், தொழுநோய் வந்தவளைப் போல.

உன் கையைப் பிடித்து யாராவது ஊட்டினார்களா? நீயேதான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் நான் போட்டி நடந்த அரங்கத்துக்கு வந்தேன், தெரியுமா? உள்ளே வரவில்லை. அந்த இறுக்கமான உடுப்பில் தங்கை நிற்பதை அண்ணன் பார்க்கலாமா? வெளியே, லாரிகள் நிற்கிற பக்கமாக, சுவரோரம் நின்று ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் பெயர்களை அவர்கள் எப்படிக் கடித்துத் துப்புவார்கள் என்று தெரியும். அதனால் 'ப' என்று எந்தப் பெயர் வந்தாலும் உன் பெயர்தான் என்று சுவரில் காதை வைத்தேன். ஒவ்வொரு நாட்டுப் பெண்ணாகக் கூப்பிட்டார்கள். இரும்பு தொம்மென்று விழுகிற சத்தம், பிறகு கூச்சல், பிறகு அடுத்த பெயர். உன் பெயர் வரவே இல்லை. கூட்டம் கலைந்து போன பிறகும் நின்றேன்.

அடுத்த கப்பல் வரும்போது ஃபுனாஃபூட்டிக்குப் போ. அதே வானொலிக்காரனிடம் சொல்லி, சுவாவில் இருக்கிற நம் ஜனங்களிடம் மன்னிப்புக் கேள். அதுவரை எனக்கு எழுதாதே.

லோபாட்டி


நியுடாவ்
ஆகஸ்ட் 23

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கப்பல் கரைக்கு வெளியே நிற்கிறது. அலை அடங்கினால் நாளை காலையில் படகில் தபால் பை போகும். அதற்குள் முடிக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

நேரில் என்றால் இதில் ஒரு வார்த்தை உன்னிடம் பேச முடியாது. எனக்குப் பன்னிரண்டு வயது ஆனதிலிருந்து நீ உட்கார்ந்த பாயில் நான் உட்கார்ந்ததில்லை. நீ இருக்கிற பக்கம் நிமிர்ந்து பார்த்ததில்லை. உன் எதிரே சிரித்ததில்லை. அப்படித்தான் வளர்த்தார்கள், அப்படித்தான் இருந்தேன். காகிதத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அதனால் கேள்.

தொடக்க விழாவில் கொடிக்குப் பின்னால் நாங்கள் ஒரு கைப்பிடி ஆள் நடந்தோம். பெரிய நாட்டு அணிகள் வந்தபோது மைதானம் கத்தியது. நாங்கள் வந்தபோது கை தட்டியது. நடக்கப் பழகுகிற குழந்தைக்குத் தட்டுவார்களே, அந்த மாதிரி. பக்கத்தில் நடந்தவர்கள் கையசைத்துச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்குத் தூக்கிக் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

என்னால் முடியும் என்று தெரிந்துதான் அப்படி நினைத்தேன். இங்கே கொப்பரைக் கொட்டகையில் கம்பியின் ஒரு பக்கம் இரும்பு வட்டு, மறுபக்கம் பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றித் தூக்கிப் பழகியவள் நான். பயிற்சி கொடுத்த டஃபாகி படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். கையில் கிரீஸோடு வந்து நின்று "முதுகை வளைக்காதே, முதுகை வளைக்காதே" என்று கத்துவார். அவர் என்னைச் சேர்த்த பிரிவு ஐம்பத்தெட்டு கிலோ. போட்டியன்று காலை எடை மேடையில் நிறுத்துவார்கள். அதற்கு மேல் ஒரு பிடி இருந்தாலும் கம்பியைத் தொட விடமாட்டார்கள். விருந்துக்கு முன் மத்தியானம் நிறுத்துப் பார்த்தோம், சரியாக இருந்தேன். ராத்திரி அரை இளநீர் மட்டும் குடி என்று டஃபாகி சொன்னார்.

பிறகு உங்கள் விருந்து மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விருந்தாளி வாயில் வைக்கும்வரை மற்றவர்கள் தொடமாட்டார்கள், அது எனக்குத் தெரியாதா? வைத்தேன். புலாகாவைக் கிள்ளி, கிள்ளியதை விரலில் உருட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டினேன். எல்லாரும் அவரவர் தட்டில் இருந்தார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அண்ணி வந்து முன்னால் முட்டி போட்டாள். கையில் ஒரு தட்டு. "உங்க அண்ணன் குடுத்தனுப்பினார்" என்றாள்.

அந்தத் தட்டைப் பார்த்தாயா நீ? பன்றிக் கொழுப்பு, தேங்காய்ப்பாலில் முங்கின கிழங்கு, மேலே சீமைப்பலா, அதற்கும் மேலே மீன். அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாத குவியல். அண்ணன் பேரைச் சொல்லி வந்த தட்டில் மீதி வைத்த தங்கை நம் தீவில் யார்? ஒருத்தி பேரைச் சொல். நான் சாப்பிட்டேன். தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

விடிவதற்குள் என்ன செய்தேன் என்று கேட்டுக்கொள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். கோப்பையில் துப்பிக்கொண்டே இருந்தேன், நாக்கு மரக்கட்டை ஆகும்வரை. அப்படியும் குறையவில்லை என்றதும் என் முடியைக் கத்தரிக்கச் சொன்னேன். இடுப்புக்குக் கீழே தொங்கின முடி. டஃபாகி கத்தரித்தார். அழுதுகொண்டே கத்தரித்தார். அப்படியும் கால் கிலோ கூட இருந்தது. எடை பார்த்த அம்மாள் முள்ளைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், பிறகு பேரை அடித்துவிட்டாள்.

நான் அரங்கத்துக்குள் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். தங்கம் வாங்கினவள் தூக்கின எடையை நான் கொட்டகையில் கோழிகளுக்கு முன்னால் தூக்கியிருக்கிறேன்.

இப்போது வானொலிக்கு வருகிறேன். "எங்க ஜனங்க" என்றேன். "எங்க அண்ணன்" என்று சொல்லவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றத்தான் ஊர் மானத்தை விற்றேன். தெரிந்துகொள்.

பசேபா


சுவா
அக்டோபர் 2

பசேபா,

உன் கடிதத்தைப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். அதற்கப்புறம் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. மேஸ்திரி இரண்டு தடவை திட்டினான்.

இதை எழுதக் கை கூசுகிறது. உன் உடம்பைப் பற்றி நான் எழுதலாமா? நம் அப்பா இருந்திருந்தால் இந்தக் காகிதத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருப்பார். ஆனால் நீ எழுதிவிட்டாய். நானும் எழுதித் தொலைக்கிறேன்.

விருந்தன்று மத்தியானம் டஃபாகி வீட்டுக்கு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி உன் தங்கச்சிய அதிகமா சாப்பிட விடாதே. நாளைக்கு எடை. நான் வேற தீவுக்காரன், நான் சொன்னா உங்க பெரியவங்க முகம் சுண்டிப்போகும். நீ சொல்லிடு" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டுச் சாயங்காலம் வரை யோசித்தேன், யாரிடம் எப்படிச் சொல்வது என்று. பெரியவர்களிடம் போய் என் தங்கை எடை கூடிவிடும் என்பதா? மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால்? சொன்னால் அன்றோடு நான் இந்த ஊரில் மனுஷன் இல்லை. லோசலீனிடமாவது சொல்லியிருக்கலாம். அவளிடமும் வாய் வரவில்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் கையாலேயே ஒரு தட்டு வைத்தேன். ஒரு சின்ன மீன், ஒரு கீற்றுப் பப்பாளி. அவ்வளவுதான். 'என் தங்கைக்குக் கொண்டு போ' என்று லோசலீனிடம் கொடுத்தேன். பன்றியும் கிழங்கும் மலையாகக் கிடக்கிற விருந்தில் அண்ணன் இவ்வளவுதான் அனுப்புகிறான் என்றால், இதற்கு மேல் தொடாதே என்று சொல்கிறான் என்பது உனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் லோசலீனை உட்காரவைத்துக் கேட்டேன். பரிமாறுகிற பாயைத் தாண்டும்போது மக்கலிட்டா அவளை நிறுத்தினாளாம். "என்னடி இது, பூனைக்கா கொண்டு போறே? அண்ணன் தட்டுன்னு சொல்லிட்டு இதையா அவ முன்னாடி வைப்பே? ஊருக்குப் போய் என்ன சொல்லுவா?" என்று கேட்டு, அவளே அள்ளி வைத்தாளாம். பக்கத்தில் இருந்தவர்களும் ஆளுக்கு ஒரு கை வைத்தார்களாம். கடைசியில் என் மீனை எடுத்து மேலே வைத்தார்களாம், அழகுக்கு. நல்ல மனசோடுதான் வைத்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

தட்டு உன் முன்னால் வந்தபோது நான் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தலையை ஆட்டினேன். கையை ஆட்டினேன். பக்கத்தில் இருந்தவன் எனக்கு ஈ தொல்லை என்று நினைத்து விசிறி கொடுத்தான். நீ நிமிரவே இல்லை. நல்ல தங்கை. அண்ணன் இருக்கிற பக்கம் எப்படிப் பார்ப்பாய்? ஒரே ஒரு தடவை நிமிர்ந்திருந்தால் போதும், பசேபா. ஒரு தடவை. அந்த முடி இன்னும் உன் தலையில் இருக்கும்.

மன்னிப்புக் கேள் என்று இனிமேல் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் போடாதே. நான் சொல்லாமல் இல்லை. தட்டில் சொன்னேன்.

லோபாட்டி


நியுடாவ்
டிசம்பர் 9

அண்ணா,

தட்டில் சொன்னாயா?

உனக்கு வாய் எதற்கு இருக்கிறது? ஆலயத்தில் பாட்டுப் பாடவா? பட்டறையில் மேஸ்திரியோடு சண்டை போடவா? 'அவ சாப்பிடக்கூடாது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீ மீனை எடுத்து, பப்பாளியை நறுக்கி, தட்டில் வைத்து, அண்ணியைத் தேடிப் பிடித்துக் கொடுத்த நேரத்தில் அதை நாலு தடவை சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஒன்பது வயதில் கரைப் பாறையில் அலை என்னை உள்ளே இழுத்தது, ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்கள் கரையில் நின்று கத்தினார்கள். நீ குதித்தாய். உன் கால் முழுக்கப் பாறை கிழித்தது. என் முடியைப் பிடித்துத்தான் இழுத்து வந்தாய். அதை வைத்துத்தான் இத்தனை வருடம் உன்னைப் பற்றி எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். எனக்கும் உனக்கும் நடுவில் அன்றைக்குக் கடல் இருந்தது. சுவாவில் ஒரு பாய் கிடந்தது. ஒரே ஒரு பாய். அதைத் தாண்ட உன்னால் முடியவில்லை.

அதையும் விடு. எல்லாம் தெரிந்துகொண்டேதானே அந்த முதல் கடிதத்தை எழுதினாய்? 'உன் கையைப் பிடித்து யாராவது ஊட்டினார்களா' என்று கேட்டாய். நான் இதை நூறு தடவை படித்திருக்கிறேன். தெரியாமல் எழுதினவன் என்று நினைத்துத்தான் பதில் எழுதினேன். தெரிந்தே எழுதியிருக்கிறாய். தங்கையிடம் எடையைப் பற்றிப் பேச வெட்கம், தங்கையைப் பழி சொல்ல வெட்கம் இல்லை.

நீ பிடித்து இழுத்த முடி சுவாவில் ஒரு குப்பைத் தொட்டியில் போய்விட்டது. இங்கே ஆலயத்துக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு போகிறேன். புருஷன் செத்தவளா என்று வெளித்தீவுக்காரர்கள் கேட்கிறார்கள்.

நீ இனிமேல் எழுதாதே. நானும் எழுதமாட்டேன். கம்பியை மட்டும் விடமாட்டேன். கொட்டகையை இடித்தால் வெளியில் வைத்துத் தூக்குவேன்.

பசேபா


ஃபுனாஃபூட்டி
மே 30

அண்ணா,

ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சின்னத் தீவு நாடுகளுக்கான போட்டிக்கு என்னை மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஒரு மாதமாக ஃபுனாஃபூட்டியில் பயிற்சி. சாயங்காலம் ஓடுபாதையில் ஓடுகிறேன், விமானம் வருகிற நாள் தவிர. அதே பிரிவு, அதே ஐம்பத்தெட்டு.

நம் நாட்டிலிருந்து எங்கே போனாலும் சுவா வழியாகத்தான் போக வேண்டும், உனக்குத் தெரியும். அங்கே இரண்டு நாள் தங்கல். மூன்றாம் நாள் அதிகாலை விமானம். போய் இறங்கின அன்று மத்தியானமே எடை பார்ப்பார்கள். கிளம்புகிற முந்தின நாள் சாயங்காலம் உங்கள் மண்டபத்தில் விருந்து வைப்பதாகப் போதகர் கடிதம் அனுப்பியிருக்கிறார். விளையாட்டுக் கமிட்டிக்காரர்கள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள். போன தடவை வானொலிப் பேச்சால் சுவா ஜனங்கள் மனம் புண்பட்டுப் போயிருக்கிறார்கள், இந்தத் தடவை அவர்கள் வைத்ததை ஒதுக்கினாலோ முகம் சுளித்தாலோ சுவாவிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். எடையைப் பற்றிக் கேட்டேன். "அதையும் பாத்துக்கோ" என்றார்கள்.

ஆக, சாப்பிட்டால் மேடை இல்லை. சாப்பிடாவிட்டால் விமானம் இல்லை. டஃபாகி வாயைத் திறக்கமாட்டார், அவர் இன்னும் வேறு தீவுக்காரர்தான்.

நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை. நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். என் முன்னால் தட்டு வந்தால் சாப்பிடுவேன். உன் பேரில் வந்தால் ஒரு கவளம் மிச்சம் வைக்கமாட்டேன். மீனை எண்ணி வைத்துத் தூது அனுப்பாதே. எதிர்ப் பக்கம் உட்கார்ந்து தலையை ஆட்டாதே, நான் நிமிரமாட்டேன். நான் உன் தங்கை, என்னை அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

பசேபா


சுவா
ஜூன் 24

பசேபா,

இன்னும் விடியவில்லை, எங்கள் வீட்டில் படுத்த டஃபாகியை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போக வண்டி வந்து நிற்கிறது. அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் என்னைக் குறை சொல்லாதே. குனிந்து எழுத முடியவில்லை. வயிறு அப்படி இருக்கிறது.

நேற்று நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் பாயைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்கமாட்டாய். அதனால் சொல்கிறேன்.

உன் முன்னால் முதல் தட்டைக் கொண்டு வந்தவள் மக்கலிட்டாதான். இரண்டு கையாலும் தூக்கி வந்தாள், அவ்வளவு கனம். அவள் முகத்தைப் பார்த்தேன். இதைச் சாப்பிடு பார்ப்போம், சாப்பிட்டுவிட்டு வானொலியில் பேசு பார்ப்போம் என்று இருந்தது. நீ கையை நீட்டினாய். உன் விரல் கிழங்கில் படுவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

நடுப் பாயில் கால் வைத்தேன். யாரோ ஒரு பெரியவர் கனைத்தார், உட்கார் என்று அர்த்தம். இன்னொருவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். லோசலீன் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன், அதே பாயில். நீ ஒதுங்கினாய், பாய் முடிகிற இடம் வரை. அதற்கு மேல் ஒதுங்க இடம் இல்லை.

நான் பேசினது உன் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், பின்னால் யாராவது வேறு மாதிரி சொல்வார்கள். "என் தங்கச்சி ஐம்பத்தெட்டு கிலோ. இதுக்கு மேல கொஞ்சம் போனாலும் நாளைக்கு அவளை மேடை ஏத்தமாட்டாங்க. போன தடவை அதான் ஆச்சு. அப்பவே எனக்குத் தெரியும், நான் சொல்லலை. அண்ணன்காரன் சொல்லக் கூடாத பேச்சு இது, சொல்லிட்டேன். வெச்ச தட்டு திரும்பிப் போகக் கூடாது, அதுவும் தெரியும். அதனால நான் திங்கறேன்."

அப்படியே உன் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மக்கலிட்டா லேசில் விடுகிறவளா? அடுத்த தட்டு கொண்டு வந்தாள். அதையும் தின்றேன். அடுத்தது. பிறகு மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இவன் எவ்வளவு தின்பான் பார்த்துவிடலாம் என்று ஒரு போட்டி போல ஆகிவிட்டது. கொழுப்பு தொண்டையில் நின்றது, இளநீரை ஊற்றி இறக்கினேன். கடைசியில் என் வேட்டியைப் பிடித்து இழுத்த அந்தப் பெரியவர் இருக்கிறாரே, அவர் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார். "பளு தூக்கறது அண்ணனா தங்கச்சியா?" என்று கேட்டார். அதற்கப்புறம்தான் மக்கலிட்டா அகப்பையைக் கீழே போட்டாள்.

நீங்கள் போன பிறகு எனக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். ஊருக்கு ஒரு பன்றி கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வரை மண்டபத்தில் நான் பேசக் கூடாது. பட்டறைப் பையன்கள் ராத்திரியே என்னை 'ஐம்பத்தெட்டு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் உன்னால். உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். 'எனக்காகப் பேசு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் உன் கை ஒடிந்துவிடுமா? சவால் விட்டு எழுதுகிறாய். யாரிடமிருந்து வந்த திமிர் இது என்று லோசலீனைக் கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உன் உள்ளங்கையைப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். தோல் உரிந்து காய்த்து, பட்டறையில் பத்து வருடம் சுத்தியல் அடித்த என் கையைவிட மோசமாக இருந்தது. எனக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு தட்டு சுலபமாக இறங்கியது.

வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். மேடைக்குப் போ. உன் பேரைக் கூப்பிட வேண்டும். எப்படிக் கடித்துத் துப்பினாலும் பரவாயில்லை.

லோபாட்டி


விளையாட்டு வீரர் விடுதி
ஜூன் 28

அண்ணா,

என் எடையைப் பார்த்து முடித்த பிறகுதான் டஃபாகி உன் கடிதத்தைக் கொடுத்தார். முன்னாலேயே படித்தால் அழுது உடம்பு தளர்ந்துவிடும் என்று பயமாம். நான் அழவில்லை என்று சொல்லிவிட்டேன்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். "பஸீப்" என்றான். நான்தான் என்று எழுந்து போனேன்.

தோற்றுவிட்டேன். நான்காவது இடம். முதல் இரண்டு தடவை சுத்தமாகத் தூக்கினேன். மூன்றாவது தடவை தூக்கியிருந்தால் வெண்கலம். அந்த எடையை ஃபுனாஃபூட்டியில் எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறேன். கம்பி தலைக்கு மேலே போய்விட்டது, நின்றுவிட்டது என்றே நினைத்தேன். வலது முழங்கால் நடுங்கியது, பின்னால் போட்டுவிட்டேன். நீ சுவருக்கு வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்டதாக எழுதியிருந்தாயே. தூக்கினாலும் தூக்காவிட்டாலும் இரும்பு விழுகிற சத்தம் ஒன்றுதான். இனிமேல் உள்ளே வந்து பார். உடுப்பைப் பார்க்கக் கூசினால் கம்பியைப் பார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனால் இந்தத் தடவை அதை யார் மேலும் போட முடியவில்லை. என் முழங்கால், என் கை, நான் போட்டேன். மூன்றாவது தடவைக்கு நான் மேடை ஏறினபோது அவர்கள் கைதட்டவில்லை. கத்தினார்கள். சுவாவில் பெரிய நாட்டு அணிகளுக்குக் கத்தினார்களே, அப்படியே கத்தினார்கள். போட்ட பிறகு ஒரு பாவப்பட்ட கைதட்டல்கூட இல்லை, 'அய்யோ' என்றுதான் ஒரு சத்தம் வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

வானொலிக்காரன் இங்கேயும் வந்திருக்கிறான். ஏன் தோற்றாய் என்று கேட்டான். "நான் தோத்தேன்" என்று சொன்னேன். வேறு ஏதாவது சொல் என்றான். சுவாவில் மக்கலிட்டா அம்மா சமையல் நன்றாக இருக்கும் என்று எங்கள் அண்ணன் சொன்னார் என்றேன். அதை ஒலிபரப்புவார்களா தெரியவில்லை.

திரும்பும்போதும் சுவா வழியாகத்தான் வருவோம். எனக்கு உன் மேல் இன்னொரு கோபம் இருக்கிறது, அதை நேரில் சொல்ல முடியாது, இங்கேயே எழுதிவிடுகிறேன். எடை மேடையில் நான் ஐம்பத்தெட்டைவிட முக்கால் கிலோ குறைவாக இருந்தேன். அத்தனை தட்டையும் நீயே தின்று தீர்த்துவிட்டாய், எனக்கு ஒரு வாய் வைக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பசி. விமானத்தில் பசி. மேடையில் கால் நடுங்கினதே, அது எதனால் என்று நினைக்கிறாய்?

அடுத்த தடவை பாயைத் தாண்டி வந்தால் ஒரு தட்டு எனக்கென்று எடுத்து வை. ஒரு சின்ன மீன், ஒரு கீற்றுப் பப்பாளி. அதுதான் சரியான அளவு.

பசேபா